இருபத்தேழு வளைவுக்குப் பாதி ஜெபம்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
ஜூன் 14, ஞாயிறு.

அன்பு மகள் மெரினுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் உன் தம்பி அருணும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் மடத்துச் சகோதரிகளும் அந்த மலைக் குளிரில் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். காய்ச்சல் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அப்பாவும் நம் தெரு ஆட்களும் உன்னைப் பார்க்க மலைக்கு வந்தபோது, அம்மாவுக்குக் காய்ச்சல், கீழே மசினகுடி லாட்ஜில் படுத்திருக்கிறாள் என்று அப்பா சொன்னார் அல்லவா. எனக்குக் காய்ச்சல் இல்லை. தலைவலிகூட இல்லை. உன் மடத்துக்கு முப்பது கிலோமீட்டர் கீழே, கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, வரமாட்டேன் என்று இருந்துவிட்டேன். உன் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்பது உனக்கே தெரியும். அவர் வாயில் அந்தப் பொய்யை நான்தான் போட்டு அனுப்பினேன், அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

இதை இன்றைக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. நேற்று மத்தியானம் வாளை மீன் குழம்பு வைத்திருந்தேன். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். முள் ஏதும் மாட்டிக்கொண்டதா என்று கேட்டேன். ஒரு மாசமா மாட்டினுதான் இருக்குது ரோசா, இன்னிக்கி எடுத்துடறேன் என்று சொல்லிவிட்டு, அன்று நீ மடத்து வாசலில் அவரிடம் கேட்டதைச் சொன்னார். அம்மாவுக்கு இன்னும் எம்மேல கோவம் போகலையாப்பா என்று கேட்டாயாமே. அவர் பதில் சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதிலும் பின்னால் ஒரு சிஸ்டர் நின்றுகொண்டு அடுத்தது நான் என்று காத்திருப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டே நேரத்தை ஓட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம். இதை உங்கள் மதர் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில் இன்னும் குறையவில்லை. அருணுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் மறுபடியும் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், பகலில் தூங்குகிறான், நான் தையல் மிஷினை ஓட்டினால் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு முறைக்கிறான். பள்ளிக்கூடம் திறந்த நேரம் என்பதால் யூனிபார்ம் துணி மூட்டை மூட்டையாக வந்து கிடக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆனால் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்குள் நுழைகிறார் என்று எதிர்வீட்டு மதாம் துப்புக் கொடுத்திருக்கிறார். மதாம் அப்படியேதான் இருக்கிறார். எண்பத்தொரு வயது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புருஷன் போய் இருபது வருஷம், இன்னும் பூசைக்குக் கைப்பை இல்லாமல் போகமாட்டார்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. நம் ஊரில் தெரு என்றால் நூல் பிடித்துக் கத்தரித்த மாதிரி. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும், அங்கே யார் வருகிறார் என்று பார்த்துவிட்டு நடக்கலாம். ஐம்பத்தேழு வருஷம் அப்படியே நடந்து பழகிவிட்டேன். அருண் வண்டியில் அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவள் நான். நீ மலைக்குப் போய் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அம்மா வந்து பார்க்கவில்லை என்றால் அதற்கு இந்தப் பயம்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். அது முழு உண்மையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தவக்காலத்தில் உங்கள் மதரிடமிருந்து கடிதம் வந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாளில் இனி ஆயுசுக்கும் துறவறம் என்ற உன் இறுதி வார்த்தைப்பாடு, பெற்றோர் இருவரும் மகளைக் கைப்பிடித்துப் பீடத்துக்கு முன் அழைத்து வந்து சபையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டு, முதலில் நாம் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடு ஜெபம் சொல்லும் நம் தெரு அன்பியத்தார் மே மாதம் எங்கேயாவது போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முதுமலைக் காட்டில் யானை பார்ப்பது, ஒரு நாள் தங்குவது, மறுநாள் மேலே ஏறி உன்னைப் பார்ப்பது என்று அப்பா திட்டம் போட்டுக் கொடுத்தார். எல்லோருக்கும் யானை ஆசை. அருண் போனில் மலைக்கு இ-பாஸ் எல்லாம் எடுத்துக் கொடுத்தான். பதினாறு பேர், ஒரு வேன், ஓட்டியவர் ராஜ்கமல் என்று சேதராப்பட்டுப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், நெற்றி நிறையக் குங்குமம். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. முன்னாடியே சொல்லியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். வண்டியில் ஏறின பிறகு வேண்டாம் என்றால் எங்கே இறங்குவது.

பண்ணாரியில் காட்டு கேட் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். லாரிகள் வரிசையாக நின்றன. ராஜ்கமல் இறங்கி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தார், நாங்கள் உள்ளே ஜெபமாலையை எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து திம்பம் வரை இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு ஜன்னல் ஓரம். வளைவில் திரும்பும்போது வண்டியின் மூக்கு முதலில் வெறும் ஆகாயத்துக்குள் போகிறது, பிறகுதான் சாலை வருகிறது. எதிரில் லாரி வந்தால் அதன் வால் நம் பக்கம் வந்துவிட்டுத்தான் போகிறது. பிரேக் என் காலடியில் இருக்கிற மாதிரி, தையல் மிஷினை மிதிப்பது போல வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன், முழங்கால் வலி இரண்டு நாள் போகவில்லை. திரும்பிப் போகச் சொல்லலாம் என்றால் திரும்ப இடம் இல்லை. நிறுத்தச் சொல்லலாம் என்றால் பின்னால் வரிசையாக வண்டி.

பயத்தில் இருக்கிறவர்களுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று மதாம் சத்தமாக ஜெபமாலையை ஆரம்பித்தார். அவருக்குப் புது ஜெபம் எல்லாம் ஆகாது, பழைய மாதிரிதான். அவர் முதல் பாதியைச் சொல்ல, நாங்கள் பதினைந்து பேரும் ஒரே குரலில், அர்ச்சிஷ்ட மரியாயே என்று தொடங்கி, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்று முடிக்கிறோம். பிறந்ததிலிருந்து சொல்கிற ஜெபம், அதில் என்ன வார்த்தை இருக்கிறது என்று என்றைக்காவது நின்று கவனித்திருக்கிறோமா. அன்றைக்குக் கவனித்தேன். வண்டி வளைகிறது, கீழே பள்ளம், மரண நேரத்திலும். அடுத்த வளைவு, எதிரில் லாரி, மரண நேரத்திலும். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது மற்றவர்கள் குரலும் இறங்கியது, எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனால் ஆரம்பித்த ஜெபமாலையை யார் நிறுத்துவது. ஒன்பதாவது வளைவில் ராஜ்கமல் தலையைத் திருப்பாமலே சொன்னார். அம்மா, கோச்சிக்காதீங்க, எட்டு வருஷமா மலை ஏறி எறங்குறேன், இப்டிப் பதினாறு பேரு காதுகிட்ட வந்து மரணம் மரணம்னு சொல்லி ஓட்டுனதில்ல, ஸ்டியரிங் புடிச்ச கை வேர்க்குது, சாமிய கும்புடுங்க, வேணாங்கல, அந்த ஒரு வார்த்தைய மட்டும் கீழ போய்ச் சொல்லிக்கலாமே என்றார். மதாமுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. மோன்தியே என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். ஜெபத்துல வார்த்தைய வுட்டுட்டுச் சொல்றதா, எங்க பாட்டன் காலத்துலருந்து இல்லாத வழக்கம் என்றார். அப்பா சமாதானமாக, எல்லோரும் மனசுக்குள்ளே சொல்லிக்கலாம் என்றார். வண்டி அமைதியாகிவிட்டது. அந்த அமைதி ஜெபத்தைவிட மோசம். டயர் சத்தம்தான் கேட்டது. பதினெட்டாவது வளைவில் வாந்தி எடுத்தேன், புதுச் சேலை, அதை விடு.

அதற்குப் பிறகு கர்நாடகா பக்கம் போய், பந்திப்பூர் தாண்டி, முதுமலைக்குள் நுழைந்தோம். காடு சமதரைதான். மான் கூட்டம், மயில், தூரத்தில் குட்டியோடு ஒரு யானை, வண்டியில் எல்லோரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மசினகுடியில் இருந்து உன்னிடம் வரும் கல்லட்டி வழியில் முப்பத்தாறு கொண்டை ஊசி என்று யாரோ பின் சீட்டில் சொன்னது காதில் விழுந்ததிலிருந்து எனக்கு வேறு எண்ணமே ஓடவில்லை. பின்னால் இருபத்தேழு, முன்னால் முப்பத்தாறு. எந்தப் பக்கம் போனாலும் வளைவு. வீட்டுக்குப் போவதும் முடியாது, உன்னிடம் வருவதும் முடியாது. சாயங்காலம் லாட்ஜுக்கு வெளியே கொஞ்சம் நடக்கலாம் என்று வந்தால், சுற்றிலும் கரண்ட் வேலி, யானை வரும், வெளியே நடக்காதீர்கள் என்று பலகை. எலிப்பொறியில் மாட்டிக்கொண்ட எலியும் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எல்லோரும் குளித்துக் கிளம்பினார்கள். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காய்ச்சல் என்றேன். அப்பா வந்து புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். கழுத்து அவர் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. உனக்காகச் சுட்டு வந்த முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, நெசமாவே வரலியா, புள்ளைக்கிட்ட இன்னான்னு சொல்றது என்று கேட்டார். காய்ச்சல்னு சொல்லுங்க என்றேன். உன்னுடைய அளவு ஜாக்கெட் ஒன்று வாங்கி வாருங்கள், வார்த்தைப்பாட்டுக்கு வெள்ளை ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வேன் போகிற சத்தம் கேட்டது. அந்த லாட்ஜ் மொட்டை மாடியில் நின்றால் மலை நேராக நிற்கிறது, சாலை தெரியவில்லை, மேகம்தான் தெரிகிறது. அந்த மேகத்துக்கு மேலே நீ இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டே மத்தியானம் வரை நின்றேன். லாட்ஜைப் பார்த்துக்கொள்கிற பெண் பெயர் கார்குழலி. அவள் கஞ்சி கொண்டு வந்து வைத்தாள். எனக்குக் காய்ச்சல் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது, பெண்களிடம் இதெல்லாம் எடுபடுமா. அவள் மாசத்துக்கு ஒரு தடவை மகளை ஆஸ்பத்திரிக்குக் காட்ட மேலே ஊட்டிக்குப் போகிறாளாம். மலையிலேயே பிறந்தவள், உனக்குப் பழகியிருக்கும் என்றேன். எங்கேம்மா பழகுது, இன்னிக்கும் மூணாவது வளைவுல வாந்தி வந்துரும், பழகறதுக்கு நான் காத்திருந்தா புள்ளைய யாரு கூட்டிட்டுப் போறது, போயிட்டு வந்துருவேன், அவ்வளவுதான் என்றாள். வேறு எதுவும் பேசாமல் கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் கூடலூர் வழியாக எல்லோரும் இறங்கி வந்தார்கள். அப்பாவின் சட்டையில் தைல வாசனை. ஜாக்கெட்டை மட்டும் கையில் கொடுத்தார். பையில் எப்போதும் டேப் வைத்திருப்பேன், கட்டிலில் விரித்து அளந்தேன். மார்பு இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. கைச் சுற்றளவு ஒன்றரை அங்குலம். தோள்பட்டையில் ஒரு தையலைப் பிரித்து நீயே கையால் பிடித்துத் தைத்திருக்கிறாய், தையல் கோணல், என் வயிற்றில் பிறந்துவிட்டு இப்படியா தைப்பது. மூன்று வருஷத்துக்குப் பிறகு உன்னைப் பார்த்தது அந்தக் கட்டிலில், அந்த டேப்பில்தான். அப்பா குளிக்கப் போயிருந்தார். ஜாக்கெட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் திரும்பும் வழி. மறுபடியும் திம்பம், இந்தத் தடவை இறக்கம். நானாகவே டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காருகிறேன் என்றேன், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பள்ளத்தைப் பார்ப்பதைவிடச் சாலையைப் பார்க்கலாம் என்றுதான். இருபத்தேழு என்ற பலகை வந்ததும் இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ராஜ்கமல் அதைப் பார்த்துவிட்டு, வாயத் தொறந்து எதுனா சொல்லுங்கம்மா, நீங்க சும்மா இருந்தா எனக்கு இன்னும் பயமாருக்குது என்றார். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு. மாதாவை நினைத்துக்கொண்டு ஜெபத்தை ஆரம்பித்தேன், எங்களுக்காக இப்பொழுதும் என்ற இடத்துக்கு வந்தேன், அதே நேரம் வளைவில் கரும்பு லாரி முன்னால் வந்து நின்றது. அந்தப் பிள்ளைக்குக் கை வேர்க்குமே என்ற நினைப்பில் அடுத்த வார்த்தை நாக்கிலேயே நின்றுவிட்டது. லாரி கடந்தது, வண்டி வளைந்தது, நேர்ச் சாலை வந்தது. நான் இன்னும் இப்பொழுதும் என்ற இடத்திலேயே இருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வளைவுக்கு மறுபடியும் தொடங்கி, இப்பொழுதும் என்பதோடு நிறுத்தினேன். அதற்கடுத்த வளைவுக்கும் அப்படியே. பின்னாலிருந்து மதாம், ரோசா, முழுசா சொல்லு, பாவம் என்றார். கீழ போய் முடிச்சிக்கிறேன் மதாம், கணக்கு வெச்சிருக்கேன் என்றேன். உண்மையில் பயம் போகவில்லை மெரின். ஆனால் இந்த ஒரு வளைவுக்கு இந்த ஒரு இப்பொழுதும் என்று வைத்துக்கொண்டால் மூச்சு விட முடிந்தது. மரணத்தை நான் விட்டுவிடவில்லை, அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன், அவ்வளவுதான். பண்ணாரி வந்து வண்டி தரையில் நின்றதும், இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்று, எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் ஆமென், எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் ஆமென் என்று இருபத்தேழு தடவை சொல்லி முடித்தேன். எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். மதாம் மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ராஜ்கமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது கடைசியில் சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்கிறேன். பயம் உண்மை. ஆனால் அன்று காலை வேன் கிளம்பிப் போனபோது என் மனசின் ஒரு மூலையில் நிம்மதியும் இருந்தது. உங்கள் மதர் எழுதியிருந்த கடிதத்தில் பெற்றோர் இருவரும் என்று இருந்தது. அந்த இருவரும் என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். ஒருத்தி வராவிட்டால் ஒப்படைக்க முடியாது, வார்த்தைப்பாடு ஒரு வருஷம் தள்ளிப்போகும், அடுத்த வருஷமும் அம்மாவுக்கு மலை ஒத்துக்கொள்ளாது, அதற்குள் என் பெண்ணுக்கே அலுத்துப்போய் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கோட்டை இடிந்துவிடுமே. பயத்தின் முதுகுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன் மெரின். ஊர் முழுக்க ரோசாவுக்கு மலை என்றால் பயம், பாவம் என்று பரிதாபப்பட்டது, எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீ டிகிரி முடித்த கையோடு சாப்பாட்டு நேரத்தில், மடத்துக்குப் போறேம்மா என்று சொன்னாயே, அன்றைக்கு நான் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து இன்றுவரை சரி என்ற ஒரு வார்த்தையை நான் உனக்குச் சொன்னதில்லை.

இன்று காலை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் கேட்டுவிட்டேன். அம்மா வராட்டியும் வார்த்தைப்பாடு நடக்கும்மா, அது ஒரு மரியாதைக்குத்தான், அம்மா எடத்துல பங்குலருந்து யாராவது ஒருத்தங்க புள்ளையக் கைப்புடிச்சிக் கூட்டினு போவாங்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற மதாம், நான் போறேன் ரோசா, எனக்கு மலை ஒண்ணும் பயமில்ல என்றார். எண்பத்தொரு வயதில், கைப்பையோடு, என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாராம். அவர்களை விட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். அப்பா பயந்துபோய்விட்டார்.

கோபம் போகவில்லையா என்று கேட்டாய். பொய் சொல்லமாட்டேன், போகவில்லை, இருக்கிறது. குறைந்திருக்கிறதா என்றால் குறைந்திருக்கிறது. அது பழகிப்போகும் என்று ஒன்பது வருஷம் காத்திருந்தேன், பழகவில்லை. கார்குழலி சொன்னது போல, பழகுவதற்குக் காத்திருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது யார். அதனால் கோபத்தோடும் பயத்தோடும், இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு வருகிறேன். மேட்டுப்பாளையம் வழியாக வந்தால் கொண்டை ஊசி பதினாலுதானாம், அருண் பார்த்துச் சொன்னான். சிலுவைப் பாதைக்கும் பதினாலு ஸ்தலம்தான், அதுவும் ஏற்றம்தான் என்றேன், சிரித்தான். நாட்காட்டியில் செப்டம்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே மூடிவிடுகிறேன். வராமல் இருந்தால் உன் கை வேறு யாரோ பிடிக்கிற கை. வந்தால் என் கையாலேயே உன்னை விட்டுவிட்டு வர வேண்டும். இதில் எந்தப் பக்கம் இறங்கினாலும் பள்ளம்தான், எனக்குத் தெரிகிறது.

வெள்ளை ஜாக்கெட்டைப் புது அளவுக்கே வெட்டிவிட்டேன், ஆனால் உள்ளே இரண்டு அங்குலம் துணி மடித்து விட்டிருக்கிறேன், நீ ஒழுங்காகச் சாப்பிட்டால் பிரித்துக்கொள்ளலாம். ராத்திரி கஞ்சியோடு படுக்காதே. காலில் வெடிப்புக்கு எண்ணெய் தடவு. தம்பிக்குப் பெண் பார்க்கிறோம், ஜெபத்தில் வைத்துக்கொள். இன்னொன்று, நாங்கள் வருகிற அன்று பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடி வராதே. நான் வாந்தி எடுத்து, கண் உள்ளே போய், பார்க்கச் சகிக்காமல் இருப்பேன். அதோடு, அங்கேயே உன்னைப் பார்த்தால் அதே பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேனோ என்று எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. முகம் கழுவிக்கொண்டு கோயிலுக்கு வருகிறேன், அங்கே பார்க்கலாம்.

மேலே ஏறும்போது பதினாலு வளைவுக்கும் பாதி ஜெபம்தான் சொல்வேன், இப்பொழுதும் வரைக்கும். மீதிப் பாதியைச் சொல்ல மலை மேலே சமதரை ஏது என்று அப்பா கேட்கிறார். உங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் தரை சமமாகத்தானே இருக்கும். அங்கே உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, விட்டுவைத்த பதினாலையும் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பேன். மெதுவாகத்தான் சொல்வேன். பதினாலாவது ஆமென் சொன்ன பிறகுதான் உன் கையை மதர் கையில் கொடுப்பேன். அதுவரை அவரைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல். ஞாபகம் வைத்துக்கொள், பதினாலு. நீயும் எண்ணிக்கொள், ஆனால் என்னை அவசரப்படுத்தாதே.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுக்கிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அப்பாவும் தன் ஆசீரைச் சொல்லச் சொன்னார், இப்போதெல்லாம் உன்னை சிஸ்டர் என்றுதான் சொல்கிறார். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

சரி, மெரின்.

உன் அம்மா,
பி. ரோசா